ஈப்போ போன தூக்குவாளி

எங்கள் பள்ளியில் நாலேகாலுக்கு அடிக்கிற மணிக்கு மட்டும் ஒரு தனிக் குணம் உண்டு. காலை மணியும் சாப்பாட்டு மணியும் எல்லோருக்கும் பொது. நாலேகால் மணி பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடும். மஞ்சள் பஸ்கள் வரிசையாக வெளியேறிப் புது ஆற்றுப் பாலத்தில் ஏறி, ஒரத்தநாட்டுக்கு ஒன்று, மன்னார்குடிக்கு ஒன்று, பட்டுக்கோட்டைப் பக்கம் இரண்டு என்று போய்விடும். கடைசி பஸ்ஸின் புழுதி அடங்கும்வரை மைதானத்தில் யாரும் அவ்வளவாகப் பேசமாட்டார்கள். பிறகு எவனாவது ஒரு பையன் கூடைப்பந்தை எடுத்துத் தரையில் தட்ட ஆரம்பிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் விடுதிப் பொழுது தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பதினொரு வருடமாக நான் தங்குகிறவர்கள் பக்கம் நிற்கிறவன். தமிழாசிரியர் வேலை, கூடவே ஆண்பிள்ளைகள் விடுதிக்கு வார்டன். மற்ற ஆசிரியர்கள் எல்லாம் ‘சார்’, ‘மிஸ்’. நான் மட்டும் ‘ஐயா’. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் எதற்கும் இருக்கட்டும் என்று ‘ஐயா சார்’ என்பார்கள். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். என் வீடு தஞ்சாவூரில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ராத்திரிதான் அங்கே படுக்கிறேன் என்பதால், விடுதிப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை முகம் எனக்கு நன்றாகவே புரியும்.

பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல் பள்ளிப் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். பலகைக்கு இந்தப் பக்கம் நாற்றங்கால், அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று டீக்கடையில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. இல்லை. இங்கே தங்கிப் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முப்பது மைல் சுற்றளவுக்குள் ஒரு குலதெய்வம் இருக்கிறது. பாட்டனோ பூட்டனோ நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர். கூத்தாநல்லூருக்குக் ‘குட்டி சிங்கப்பூர்’ என்ற பெயர் சும்மா வரவில்லை. அடுத்த தலைமுறை வளைகுடாவுக்குப் போனது. இன்றைக்குத் திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் நேர் விமானம். போனவர்கள், பிள்ளை கொஞ்சம் ஊர்க்காற்றுப் படட்டும் என்று இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். காலைக் கூட்டத்தில் ‘உலகக் குடிமக்கள்’ என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

விடுதியில் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் பெயர் ஊர்ப் பெயர்தான். ஈப்போ, சார்ஜா, உட்லண்ட்ஸ். பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கும் அதே வழக்கம் பரவி, வடசேரி, மதுக்கூர், பாப்பாநாடு என்று ஆகிவிட்டது. நான் சொல்லவந்தது ஈப்போவையும் பாப்பாநாட்டையும் பற்றி. 2018-இல் இரண்டு பேரும் எட்டாம் வகுப்பு.

ஈப்போ, மலேசியாவில் இருக்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் ஒன்றில் ஆறு வருடம் படித்துவிட்டு வந்தவன். காலையில் என்னைப் பார்த்தால் ‘பசியாறிவிட்டீர்களா ஐயா?’ என்பான். செல்போனைக் ‘கைத்தொலைபேசி’ என்பான், வகுப்பே சிரிக்கும். ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால் ஒற்றுப்பிழைகூட இருக்காது. பாப்பாநாடு நேர் எதிர். மூன்று வயதிலேயே ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றப்பட்டவன். பேச்சில் புலி, வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். மடை, வாய்மடை, சேறடிப்பது, அண்டை வெட்டுவது என்று வயலில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் அவனிடம் சொல் இருந்தது, எழுதத்தான் கை வரவில்லை. ஈப்போவுக்குக் கை வந்தது, மடையைத்தான் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தேன். வேலையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களை எண்ணினால் இதை முதலில் சொல்வேன்.

ஒவ்வொரு ஜூனிலும் புதிய விடுதிப் பிள்ளைகளை ஒரத்தநாட்டுக்கு அழைத்துப் போய் முத்தாம்பாள் சத்திரத்தைக் காட்டுவது என் வழக்கம். இரண்டாம் சரபோஜி கட்டியது. வழிப்போக்கருக்குச் சோறு போட்ட அதே இடத்தில் பள்ளிக்கூடமும் நடந்தது. பிள்ளைகள் அங்கேயே சாப்பிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் படித்தார்கள். தங்கிப் படிக்கிற பள்ளி ஏதோ ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பிறந்தது என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்வேன். அந்த வருடம் ஈப்போ கையைத் தூக்கி, ‘அங்கேயும் வெளிச் சாப்பாடு தடையா ஐயா?’ என்று கேட்டான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சேர்க்கைக்கு வரும் பெற்றோர் கேட்கிற கேள்வியை வைத்தே அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வைஃபை, ஏ.சி., கேம்பிரிட்ஜ் தேர்வு முடிவுகள் என்று கேட்பார்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர்கள் பேசாமல் எழுந்து போய், சமையல்கூடம் எங்கே இருக்கிறது, வகுப்புக்கு எத்தனை கதவு, மாடிப்படி எவ்வளவு அகலம் என்று பார்த்துவிட்டு வருவார்கள். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படியை மட்டும் இறங்கி ஏறிப் பார்ப்பார்கள். நானும் கூடவே போய்ப் பூட்டாத கதவுகளைத் திறந்து காட்டுவேன்.

எல்லோரும் பொதுவாகக் கேட்பது ஒன்று உண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். ‘ஆணும் பெண்ணும் சேர்ந்தா?’ கேட்கிறவர், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை அதே மாதிரி ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவராகத்தான் இருப்பார். வகுப்பும் சாப்பாட்டுக்கூடமும் சேர்ந்து. விடுதிகள் மைதானத்துக்கு இரண்டு பக்கம். ஒன்பது மணிக்குமேல் மைதானத்தில் நாயைத் தவிர யாரும் கிடையாது என்று சொல்வேன். உள்ளே நடப்பது அவர்கள் பயப்படுகிற மாதிரி அவ்வளவு சுவாரசியமானதல்ல. ஒரே மேசையில் மூன்று வேளையும் சாப்பிட்டு, ஒருவர் மூக்கு ஒழுகுவதை இன்னொருவர் பார்த்து வளர்கிற பிள்ளைகள் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கைகள் மாதிரி சண்டை போடுகிறார்கள். காதலும் வரும், வராமல் என்ன. ஒன்பதாம் வகுப்பில் வந்து அரைப் பரீட்சைக்குள் போய்விடும். பஸ்ஸில் போகிற பெண்ணை விரும்புகிற விடுதிப் பையன்தான் பாவம். நாலேகால் மணி அவனை இரண்டு தடவை அடிக்கும்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் மாஸ்டர் கும்பகோணத்துக்காரர். இட்லிக்குக் கடப்பா வைத்தாரென்றால் தட்டை வழித்துவிட்டு வரிசையில் மறுபடி நிற்கலாம். வெள்ளிக்கிழமை பாஸ்தா போடவேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்காமல் எதையும் அடுப்பிலிருந்து இறக்குவதில்லை என்பது அவருடைய கொள்கை. இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளைக் கழித்தார்கள். விடுதியில் மீன் கிடையாது. வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது. ஒருவன் வயிறு கெட்டால் அறுபது பேர் வயிறு கெடும் என்பதால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது, இன்றும் அதைத்தான் சொல்வேன்.

அந்த வருடம் வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. ஜூலையில்தான் தண்ணீர் விட்டார்கள். ஆகஸ்டில் கொள்ளிடத்தில் அளவுக்கு மீறி வந்து, 22-ஆம் தேதி முக்கொம்பில் மதகுகளே உடைந்து விழுந்தன. எங்கள் புது ஆற்றிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஏறியதும் கூடவே கெளுத்தியும் ஏறியது.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குச் சுற்று வரும்போது மாடிப்படியிலேயே வாசனை பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வைத்த மீன் குழம்புக்குத் திங்கட்கிழமைதான் ருசி என்பது தெரிந்தவன் நான். அறைக்குள் எட்டுப் பேர் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தார்கள்; அதில் ஒருவனின் புத்தகம் தலைகீழாக இருந்தது. ஷூக்கள் வைக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில், இரண்டு கால்பந்து ஷூக்களுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் தூக்கு. அரைப்படி கொள்ளும். மூடியில் ஒரு பெண்ணின் பெயரும் அதற்குக் கீழே கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. பாப்பாநாட்டின் அம்மா பெயர். உள்ளே அடியில் இரண்டு கெளுத்தித் துண்டும் நிறையக் குழம்பும் மிச்சம் இருந்தன. ஈப்போ எழுந்து நின்று, ‘என் தாத்தா சொன்ன மீன் இதுதான் ஐயா’ என்றான். அதற்கு என்ன பதில் சொல்வது? விதியைச் சொன்னேன். குழம்பைக் கொண்டுபோய்க் கொட்டினேன். தூக்கை நானே தேய்த்துக் கழுவி, மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாப்பாநாட்டின் கையில் கொடுத்து, இரண்டு வாரம் ‘நான் செய்தது தவறு’ என்று எழுதிவரச் சொன்னேன். அவனுக்கு எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவனுடைய அம்மா வந்தார். என் மேசைக்கு முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ‘மீன் கொடுத்தனுப்பியது என் தப்புதான் ஐயா. தடை என்று பையன் சொல்லியிருந்தான். அந்தப் பிள்ளை கேட்டது என்பதால் மனசு கேட்கவில்லை. கொட்டிவிட்டீர்கள், அதுகூடப் போகட்டும்.’ கொஞ்சம் நிறுத்தினார். ‘தூக்கை வெறுமையாகக் கொடுத்தனுப்பிவிட்டீர்களே.’

எனக்குக் காது சுட்டது. அடுத்த வீட்டுக் கிண்ணத்தை ஒரு கரண்டி சர்க்கரையாவது போடாமல் என் அம்மா திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் இரண்டு முருங்கைக்காயை ஒடித்து உள்ளே செருகி அனுப்புவார். அந்த வீட்டில் வளர்ந்த நான், விடுதி விதிப்புத்தகத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

விடுதிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போன் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஈப்போவுக்கு அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அவனுடைய பாட்டி தூங்கப் போகிற நேரம். சார்ஜாவுக்கு வேறு சிக்கல். 2022-க்கு முன்பு அங்கே வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அந்தப் பெண்ணின் அம்மா அலுவலகத் தாழ்வாரத்தில் நின்று கிசுகிசுத்துப் பேசுவாராம். ‘எனக்கும் கிசுகிசுத்தே பேச்சு வருகிறது ஐயா’ என்று ஒரு நாள் சொன்னாள். நேரத்தை வெள்ளிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே விதி என்று பதில் வந்தது.

நவம்பர் 15 சாயங்காலம் கஜா புயல் வருகிறது என்று பஸ் பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டோம். அன்றைக்கு நாலேகால் மணி அடிக்கவே இல்லை. நள்ளிரவுக்குமேல் அடித்த காற்றை நான் விவரிக்கப்போவதில்லை. டெல்டாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். மெத்தைகளை நடுக்கூடத்துக்கு இழுத்துவந்து எல்லோரும் ஒன்றாகப் படுத்திருந்தோம். விடிந்து வெளியே வந்தால், பலகைக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு படிய வாரிய தலை மாதிரி முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தது. ‘இன்டர்நேஷனல்’ பலகை காணவில்லை. அது பத்து நாள் கழித்து ஒரு குளத்தில் கிடைத்தது.

எங்களுக்கு ஜெனரேட்டர் இருந்தது, மாஸ்டர் இருந்தார், பதினைந்து நாளைக்கு அரிசி இருந்தது. ஒரு வருடமாக வீடு வீடு என்று ஏங்கியவர்களுக்குக் கூரையும் வெளிச்சமும் இருந்தன. வீட்டுக்குப் போனவர்கள் இருட்டில் இருந்தார்கள். செல்போன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. மூன்றாம் நாள் பாப்பாநாடு அப்பாவோடு சைக்கிளில் வந்து சேர்ந்தான், வழியெல்லாம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாண்டி. கையில் நான்கு செல்போன்கள், சார்ஜ் போட. தெருவில் எல்லோருடையதும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தான். சைக்கிள் ஹாண்டிலில் அந்தத் தூக்கு, குடிதண்ணீருக்கு.

நான் எதுவும் சொல்லவில்லை. ஈப்போதான் அதை வாங்கிக்கொண்டு சமையல்கூடத்துக்குள் போனான். மாஸ்டர் அதில் சாம்பார்சாதத்தை அமுக்கி அமுக்கி வைத்து, மேலே ஒரு அப்பளத்தை உடைத்துச் செருகி, மூடியைப் போட்டுத் தட்டினார். தண்ணீரை வேறு கேனில் கொடுத்தோம். அன்றைக்குப் பிற்பகலிலிருந்து சாப்பாட்டுக்கூடம் பொட்டலம் கட்டுகிற இடமாகிவிட்டது. பெண் பிள்ளைகள் ஒரு வரிசை, ஆண்பிள்ளைகள் ஒரு வரிசை என்று நிர்வாகம் நிறுத்திவைத்தது. பத்து நிமிடத்தில் வேலைக்குத் தகுந்த மாதிரி அவர்களே கலைந்து நின்றுகொண்டார்கள். சார்ஜா இலை கிழிக்கக் கற்றுக்கொண்டாள்.

வழி திறந்ததும் பன்னிரண்டு பேரைப் பாப்பாநாட்டுக்கு அழைத்துப்போனேன். ஓடு பறந்துபோன வீட்டில் சாமி படத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது. பின்னால் அறுபதுக்கு மேல் தென்னை, எல்லாம் வேரோடு. ஈப்போ ஒரு மரத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு, ‘மறுபடி வைத்தால் எப்போது காய்க்கும் மாமா?’ என்று கேட்டான். ‘நெட்டை ரகம் என்றால் ஆறு, ஏழு வருடம் தம்பி’ என்றார் பாப்பாநாட்டின் அப்பா. பையன்கள் இருவரும் விரல்விட்டு எண்ணினார்கள். எண்ணிவிட்டு, அப்போது நமக்கு இருபது வயது என்றார்கள். அவர் சிரித்தார். வீட்டில் விளக்கு எரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதுவரை பாப்பாநாடும் இன்னும் சில பஸ் பிள்ளைகளும் எங்களோடு விடுதியிலேயே படுத்துக்கொண்டார்கள். பாப்பாநாட்டுக்கு முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டு ஞாபகம் வந்தவனை எப்படிச் சமாளிப்பது என்று ஈப்போவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் பேசாமல் தன் போர்வையில் பாதியை அந்தக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டான்.

பள்ளி மறுபடி திறந்தபோது புவியியல் மிஸ் பாடநூலை மூடிவைத்துவிட்டார். டெல்டா என்றால் நைல், கங்கை என்று படம் போட்ட புத்தகம் அது. இந்தத் தடவை பிள்ளைகள் கல்லணை, முக்கொம்பு, சாய்ந்த தோப்பு என்று எழுதினார்கள். பாப்பாநாட்டின் கட்டுரையை நான் திருத்தவேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தான், ஆனால் ‘கடைமடை’ என்ற சொல்லை அப்படியே விட்டிருந்தான்.

வெளிச் சாப்பாட்டு விதி இன்றும் அமலில் இருக்கிறது. அந்த வருடத்துக்குப் பிறகு, திங்கட்கிழமை ராத்திரிகளில் மட்டும் என் சுற்று ஒன்பது மணிக்குப் பதில் பத்தரைக்கு என்று மாறியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

2020 மார்ச் 16, திங்கட்கிழமை. மறுநாளிலிருந்து பள்ளி கிடையாது என்று செய்தி வந்துவிட்டது. ராத்திரி மலேசியாவும் 18-ஆம் தேதியிலிருந்து அடைக்கப்போவதாக அறிவித்தது. ஈப்போவின் அப்பா எப்படியோ திருச்சி விமானத்தில் ஒரு டிக்கெட் பிடித்துவிட்டார். பெட்டி கட்ட இரண்டு மணி நேரம்தான். கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டான். அன்று காலை வந்த தூக்கும் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் போய்விட்டது. திரும்பி வந்து படிக்கலாம் என்றுதான் போனான். வரவில்லை. பத்தாம் வகுப்பை அங்கேயே முடித்தான்.

இப்போது இருவருமே கல்லூரியில் இருக்கிறார்கள். பாப்பாநாட்டின் தங்கை எங்களிடம் ஆறாம் வகுப்பு, பஸ் பிள்ளை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருவார். மகளின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, எழுந்திருக்கும்போது, ‘அந்தத் தூக்கு வந்ததா ஐயா?’ என்பார். கல்யாணச் சீராக வந்த பாத்திரம், கேட்கத்தானே செய்வார்.

போன மாதம் ஈப்போவிடமே கேட்டேன். ஒரு புகைப்படம் அனுப்பினான். சமையலறை அலமாரியில், முன்வரிசையில், மூடியில் வெட்டிய பெயர் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். ‘பத்திரமாக இருக்கிறது ஐயா. வெறுமையாக எப்படிக் கொடுப்பது என்று பாட்டியும் அம்மாவும் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பம்ளிமாஸ் வைத்துப் பார்த்தோம், மூடி மூடவில்லை’ என்று எழுதியிருந்தான்.

பாப்பாநாட்டு அம்மாவிடம் போனைக் காட்டினேன். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, தன் பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்தார். ‘மெதுவாக வரட்டும்’ என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ‘அவர்கள் தூக்கு ஒன்று இங்கே வந்தால் நான் குழம்பு வைத்தனுப்பலாம். விமானத்தில் விடுவார்களா?’ என்று கேட்டார்.